ஊர் ஏரியைத் தூர்வாரப் போகிறீர்களா? திட்டமிடுவதிலிருந்து ஏரி நிரம்பிக் கோடி போகும் வரை முழு வழிகாட்டி

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. விரிஞ்சிபுரம் பக்கம் போய் வெள்ளத்தைப் பார்த்து வராதவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. ஆனால் அணைக்கட்டு வட்டாரத்தில் இருக்கும் எங்கள் ஏரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அதுவும் ஏரிமேல் நேராகப் பெய்த மழை. எட்டு மாதத்துக்கு முன்புதான் ஊர் கூடிப் பணம் போட்டு, பொக்லைன் இறக்கி, கருவேலம் பிடுங்கி, மண் எடுத்திருந்தோம்.

கரையில் நின்று கொண்டிருந்தபோது ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடும் எங்கள் ஊர் நீர்க்கட்டிப் பெரியவர் வந்தார். "ஏரிய வுடு தம்பி. கால்வாய்ல நடந்து பாத்தியா?" என்று கேட்டார். யாரும் நடந்து பார்த்திருக்கவில்லை.

கானாற்றில், அதாவது மழைக்குத் தண்ணீர் வரும் காட்டாற்றில், கால்வாய் பிரியும் இடத்தை நோக்கி அன்றைக்கே நடந்தோம். பாதி தூரத்தில் கால்வாய் ரோட்டைக் கடக்கிறது. ரோடு அகலப்படுத்தியபோது அங்கிருந்த பழைய கல்பாலத்தை எடுத்துவிட்டு சிமென்ட் குழாய் வைத்திருந்தார்கள். பெரியவர் கைத்தடியைக் குழாயின் வாயில் வைத்து, அப்படியே கால்வாயின் தரைவரை இறக்கினார். ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவு உயரம் தண்ணீர் ஏறினால்தான் குழாய்க்குள் நுழையும். ஏறுவதற்குள் இந்தப் பக்கம் கரை உடைந்து, தண்ணீர் பக்கத்துக் கொல்லை வழியாகத் திரும்பிக் கானாற்றுக்கே போயிருந்தது. குழாய்க்குள் ஒரு தென்னை மட்டையும் கொஞ்சம் முள்ளும் காய்ந்து கிடந்தன. அத்தனை மழையிலும் அவை நனையவே இல்லை.

எங்கள் வேலைக்கு நாங்கள் வைத்த பெயர் ‘தூர்வாருதல்’. ‘ஏரியை நிரப்புதல்’ என்று பெயர் வைத்திருந்தால் முதல் நாளே கால்வாய்க்குப் போயிருப்போம். அடுத்த ஆண்டு எங்கள் ஊரிலும், பிறகு பக்கத்து ஊர்களில் கேட்டவர்களோடும் இந்த வேலையைச் செய்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன். ஏரியை வைத்துச் சொன்னாலும், பள்ளிக்கு வகுப்பறை கட்டுவது, கோயில் குளம் சீரமைப்பது என ஊர் சேர்ந்து செய்யும் எந்த வேலைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எது நடந்தால் வேலை முடிந்தது என்று எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். ‘ஏரியைச் சுத்தம் செய்வது’ போதாது. ‘ஐப்பசி முடிவதற்குள் கால்வாய் வழியாக வரும் தண்ணீர் மதகின் அடிமட்டத்துக்கு மேல் நிற்க வேண்டும், கடைசி வயலுக்குப் பாய வேண்டும்’ என்கிற மாதிரி, கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய வரியாக இருக்கட்டும்.

இந்த ஒரு வரியை எழுதும்போதே ஊரில் எத்தனை விதமான ஆசைகள் இருக்கின்றன என்பது வெளியே வந்துவிடும். ஏரிப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்களுக்கு மதகில் தண்ணீர் வர வேண்டும். மேட்டு நிலத்தில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு நிலத்தடியில் நீர் இறங்க வேண்டும். ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்குச் சித்திரையிலும் ஒரு மூலையில் தண்ணீர் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வேலையில் கொடுத்துவிட முடியாது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. கிணற்றுக்கும் கால்நடைக்கும் உதவும், அவ்வளவுதான். எது முதல், எது அடுத்தது என்பதை மண் எடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

கணியம்பாடிப் பக்கம் ஓடும் நாகநதியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அங்கே குறிக்கோள் நிலத்தடி நீர். அதனால் ஆற்றைத் தோண்டி அகலப்படுத்துவதில் இறங்காமல், மண், பாறை அமைப்பைப் பார்த்து இடம் குறித்து, உறிஞ்சு கிணறுகளும் கல் தடுப்புகளும் அமைத்தார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த வேலை அது. 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையில்கூட அந்தப் பெண்களைப் பற்றிப் பேசினார்கள். குறிக்கோள் வேறாக இருந்ததால் வேலையின் உருவமும் வேறாக இருந்தது.

நடந்து பாருங்கள், ஒரு தடவை அல்ல

முதல் நடை நீர்க்கட்டியோடு. கானாற்றில் கால்வாய் பிரியும் இடத்தில் தொடங்கி, கால்வாய் முழுக்க நடந்து, ஏரிக்குள் இறங்கி, மதகைப் பார்த்து, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறும் கோடியில் ஏறி, கோடித் தண்ணீர் போகும் வழியில் அடுத்த ஏரி வரை போக வேண்டும். அளக்க டேப்பும் ஒரு நீளக் கம்பும் போதும். அடைப்பு, உடைப்பு, பாலம், குழாய் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து எண் போடுங்கள். பாலம் என்றால் குழாயின் அடிமட்டத்தையும் கால்வாயின் தரைமட்டத்தையும் கட்டாயம் அளக்க வேண்டும். எங்கள் பணம் வீணானது அந்த ஒரு முழத்தில்தான்.

இரண்டாவது நடை காகிதங்களோடு. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் ஏரியின் சர்வே எண்ணும் பரப்பும் பார்க்கலாம். புல வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். கால்வாய்க்குத் தனி சர்வே எண் இருக்கும். அதையும் கேளுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் அப்போதே உறுதிசெய்ய வேண்டும். பொதுவாக ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்த ஊர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் அனுமதி வராமல் ஒரு கூடை மண்கூட எடுக்காதீர்கள்.

மூன்றாவது நடை மழையில். முந்தைய ஆண்டு மழையில் நடந்து பார்த்திருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கோடையில் எல்லாக் கால்வாயும் சரியாகத்தான் தெரியும்.

பேச வேண்டியவர்களிடம் முதலிலேயே பேசுங்கள்

ஏரி ஓரத்தில் யாராவது பயிர் வைத்திருப்பார்கள். சட்டம் தெளிவாக இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதற்காக முதல் நாளே பொக்லைனோடு போய் நின்றால் வேலை அன்றே நின்றுவிடும். சர்வேயரை அழைத்து எல்லை அளந்து கல் நடுவது முதல் வேலை. கல் நட்டுவிட்டால் ‘நீ சொல்றதா, நான் சொல்றதா’ என்ற சண்டை இல்லை. எங்கள் ஊரில் ஒருவர், "அண்ணே, கேவுரு கதிர் வந்துடுச்சி, அறுப்பு முடியட்டும்" என்று கேட்டார். அறுப்பு வரை அந்த மூலையைத் தொடாமல், எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினோம். அறுத்து முடித்ததும் அவரே வரப்பை வெட்டிவிட்டார். மூன்று வாரம் பொறுத்தது அந்த வேலையிலேயே நாங்கள் செய்த நல்ல முடிவு என்று நினைக்கிறேன்.

அடுத்து, கீழ் ஏரி ஊர். நம் ஏரி கோடி போனால்தான் அவர்கள் ஏரிக்குத் தண்ணீர். நம் ஏரி ஆழமானால் கோடி போவது தள்ளிப்போகும் என்ற பயம் அவர்களுக்கு நியாயமானது. போய் உட்கார்ந்து சொல்லிவிட்டு வாருங்கள். நம் ஊரிலேயே ‘கோடியை ஓரடி ஏத்திடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளவே கூடாது. கோடியை உயர்த்தினால் வெள்ளம் வரும் நாளில் கரைக்கு மேல் தண்ணீர் ஏறும். மண்கரை வழிந்தால் நிற்காது, உடையும்.

கணக்கு போடுங்கள்

திட்டம் கனவா, நடக்கக்கூடியதா என்று இங்கேதான் தெரியும். பத்து ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழம் மண் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஆக 4,35,600 கன அடி, அதாவது 4,356 யூனிட் (100 கன அடி ஒரு யூனிட்). வெட்டிய மண் உப்பும். கால் பங்கு கூடுதலாக வைத்தால் சுமார் 5,400 யூனிட். டிராக்டர் டிரெய்லர் ஒரு நடைக்குச் சுமார் ஒரு யூனிட் கொள்ளும். பத்து டிராக்டர், ஆளுக்குப் பன்னிரண்டு நடை என்றால் ஒரு நாளைக்கு 120 நடை. 45 நாள் ஆகும். மழை, பழுது, திருவிழா எதையும் சேர்க்காமலே 45 நாள்! ‘பத்து நாள்ல முடிச்சிடலாம்’ என்று டீக்கடையில் பேசுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

எடுத்த மண் எங்கே போகும் என்பது அடுத்த கணக்கு. விவசாயிகள் ஏரி வண்டலைக் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறும்படி 2024-ல் நடைமுறை எளிதானது. அளவு உண்டு: நன்செய் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கனமீட்டர். நம் 4,35,600 கன அடி சுமார் 12,300 கனமீட்டர். முழுக்கப் புன்செய்க்கே கொடுத்தாலும் 137 ஏக்கர் நிலம் வேண்டும். அத்தனை ஏக்கருக்கு மனு போடும் விவசாயிகள் இருக்கிறார்களா? இல்லையென்றால் ஆழத்தைக் குறையுங்கள், அல்லது கரையைப் பலப்படுத்த எவ்வளவு மண் போகும் என்று பாருங்கள்.

பலன் எவ்வளவு? அந்தப் பத்து ஏக்கர், ஓரடிப் பள்ளத்தில் சுமார் 1 கோடியே 23 லட்சம் லிட்டர் நிற்கும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் ரயில் போனது நினைவிருக்கும். அப்போது அந்த ஊர் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. ஐம்பது வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நாம் தோண்டும் ஓரடி, அப்படி ஐந்து ரயில் தண்ணீர். ஆனால் அந்த ரயில் வேலையில் எனக்குப் பாடமானது வேறு. வண்டி கிடைத்தது ஒரு பகுதிதான். ஊருக்கு வெளியே இருக்கும் நீர்த்தொட்டியிலிருந்து தண்டவாளம் வரை குழாய், வேகன்களை நிரப்ப வழி, வில்லிவாக்கத்தில் இறக்க வழி, அங்கிருந்து கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையம் வரை குழாய் என எல்லாக் கண்ணியும் சேர்ந்த பிறகுதான் சென்னைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. நம் ஏரிக்குக் கானாறு, கால்வாய், பாலம், மதகு எல்லாம் அப்படிப்பட்ட கண்ணிகள்.

பணம் போதவில்லை என்றால் எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்யாமல் ஆண்டுகளாகப் பிரியுங்கள். சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1902-ல் மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று சிஎம்சி எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரியும். முதல் ஆண்டு கால்வாய், பாலம், மதகு. அடுத்த ஆண்டு கரை. மண் எடுப்பது கடைசி. என்னைக் கேட்டால், கால்வாய் வேலை மட்டும் செய்துவிட்டு மண்ணையே தொடாத ஊர்கூட, ஆழமாகத் தோண்டிவிட்டுக் கால்வாயை மறந்த ஊரைவிட மேல்.

தேதியை மழையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் வரும். ஆனால் வேலூர்ப் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடி மழை நன்றாகவே பெய்யும். அதனால் கரை வேலை ஜூலை கடைசிக்குள் முடிந்துவிட வேண்டும். புது மண் இறுகக் காலம் வேண்டும். அதற்கு ஏப்ரலில் இயந்திரம் இறங்க வேண்டும். அதற்கு மார்ச்சுக்குள் அனுமதி. அதற்கு ஜனவரியில் தீர்மானம்.

கிராம சபை நாட்கள் இதற்கு அழகாகப் பொருந்துகின்றன. ஜனவரி 26-ல் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் சபையில் அனுமதி எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். மே 1-ல் நடந்த வேலையைச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15-ல் வரவு செலவு படியுங்கள்.

ஊர்க் காலண்டரையும் பக்கத்தில் வையுங்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதை ஒட்டி இரண்டு, மூன்று நாள் டிராக்டர் ஓட்ட ஆள் கிடைக்காது. கத்திரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து பதினொன்றுக்கு நிறுத்தி, மாலையில் மறுபடி தொடங்குங்கள். இதையெல்லாம் கழித்த பிறகு வரும் நாட்கள்தான் உண்மையான நாட்கள்.

பணமும் பொறுப்பும்

மதிப்பீட்டுக்கு மேல் பத்துப் பதினைந்து சதவீதம் தனியாக ஒதுக்குங்கள். வங்கிக் கணக்கு இருவர் கையெழுத்தில் இருக்கட்டும். வரவு செலவை வாரம் ஒருமுறை டீக்கடைப் பலகையில் எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போன் பார்க்காத பெரியவர்களும் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

இயந்திரத்துக்கு மணிக் கணக்கா, யூனிட் கணக்கா? கருவேலம் பிடுங்க, கால்வாய் சீராக்க மணிக் கணக்கு சரி. எவ்வளவு வேலை என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. மண் எடுக்க யூனிட் கணக்கே நல்லது. மணிக் கணக்கு என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் வண்டியின் மீட்டரைப் படம் எடுங்கள். யூனிட் என்றால் வெட்டும் இடத்தில் நடுநடுவே மண்ணை வெட்டாமல் தூண் மாதிரி விட்டுவைத்து, அதன் உயரத்தை அளந்து கணக்குப் பார்த்த பிறகு அதையும் எடுக்கலாம்.

வேலை நடக்கும் நாட்களில்

2022-ல் வேலூர் நகரில் ஒரு தெருவில் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமலே சிமென்ட் சாலை போட்டதில் அதன் சக்கரம் சாலையில் புதைந்தது. அதே ஆண்டு இன்னொரு தெருவில் அடிபம்பை அப்படியே விட்டுக் கழிவுநீர்க் கால்வாய் கட்டினார்கள். அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். திட்டம், மதிப்பீடு, ஒப்பந்தம் எல்லாம் இருந்த வேலைகள் அவை. வேலை நடக்கும் நேரத்தில், நடக்கும் இடத்தில், ‘நிறுத்து’ என்று சொல்லும் ஒருவர் இருந்திருந்தால் போதும்.

அப்படி ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவர். ‘நிறுத்து’ என்று அவர் சொன்னால் தலைவர் உட்பட யாரும் மாற்றிப் பேசக் கூடாது. அவர் பார்க்க வேண்டியவை:

கரையின் அடியை ஒட்டி மண் எடுக்கக் கூடாது. டிராக்டர்காரர்களுக்கு மண் ஏற்ற வசதி என்பதால் அங்கேதான் தோண்டப் பார்ப்பார்கள், கரை பலம் இழக்கும். களிமண் முழுவதையும் வழித்துவிட்டு அடி மணலைத் திறந்துவிட்டால் மதகுக்காக நிற்க வேண்டிய தண்ணீர் கீழே இறங்கிவிடும். கரைமேல் போடும் மண்ணை மொத்தமாகக் கொட்டிச் சமப்படுத்தினால் போதாது. முக்கால் அடி, முக்கால் அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். இதற்குத்தான் பொறுமை இருக்காது. ‘மழை பேஞ்சா தானா அமுங்கிடும்’ என்பார்கள். அமுங்காது, கரைந்து ஏரிக்குள்ளேயே வந்துவிடும்.

தினமும் மாலை பத்து நிமிடம் கரையில் நின்று பேசுங்கள். இன்று எத்தனை நடை, நாளை எங்கே, என்ன தடை. நோட்டில் எழுதுங்கள். திட்டத்தை மாற்ற வேண்டி வந்தால் மாற்றுங்கள், ஆனால் ஏன் மாற்றினோம் என்று அதே நோட்டில் இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து யாருக்கும் நினைவு இருக்காது.

முதல் மழையில்

ரோட்டுக் குழாயை மாற்றுவது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. 2022 ஜனவரியில் ஊர் கூடித் தீர்மானம், அளந்த படங்களோடு மனு, பொறியாளரை நேரில் அழைத்து வந்து தடியை வைத்துக் காட்டியது என்று ஐந்து மாதம் ஆனது. ஜூனில் குழாயைக் கால்வாய்த் தரைமட்டத்துக்கு இறக்கி வைத்தார்கள். ஏரிக்குள் அந்த ஆண்டு நாங்கள் ஒரு யூனிட் மண்கூட எடுக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி நல்ல இடி மழை. டார்ச்சும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு நான்கு பேர் கால்வாயில் நடந்தோம். முதல் மழை நடை திட்டத்தின் கடைசிப் படி, அதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இரண்டு இடத்தில் செத்தை அடைத்திருந்தது, இழுத்துவிட்டோம். ஓரிடத்தில் கரை கசிந்தது, மண் மூட்டை வைத்தோம். ரோட்டுப் பக்கம் போனபோது பெரியவர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். குழாய்க்குள் தண்ணீர் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. தடியை வைத்து அளந்தார். "அரை முழம் போவுது" என்றார். நோட்டில் தேதி போட்டு அதை எழுதினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் ஆனி கடைசியில் கால்வாயைச் சுத்தம் செய்கிறோம். வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு நாள் வேலை. மதகுச் சாவி யாரிடம் என்பதும் நோட்டில் இருக்கிறது.

அந்த ஐப்பசியில் ஏரி கோடி போனது. கிடா வெட்டிப் பூஜை போட்டோம். மறுநாள் காலை கீழ் ஏரி ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"ணா, தண்ணி இங்க வந்துடுச்சி. எங்க கால்வாய்லயும் ஒரு தபா நடக்கணும். பெரியவர கூட்டினு வரீங்களா?"